நீலம் பாரித்த குழந்தைகள்

அழுதால் உதடும் நகமும் நீலமாகிப்போகும் குழந்தை; நாலடி ஓடினால் குத்தவைத்து உட்கார்ந்து மூச்சு வாங்கும் குழந்தை. சங்கரன்கோவில் தறித் தெருக்களில் இதைத் தோஷம் என்பார்கள். கோமதியம்மன் சன்னதிப் புற்றுமண்ணைப் பூசுவார்கள். தாயின் நம்பிக்கையை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் இது கருவிலேயே இருதயத்தில் நேர்ந்த கோளாறு. கீழறைகளின் நடுச்சுவரில் துவாரம். நுரையீரலுக்குப் போகும் பாதையில் நெருக்கம். சுத்தமாகாத ரத்தம் துவாரத்தின் வழியே உடம்புக்கே திரும்புகிறது, அதனால்தான் நீலம். ரணசிகிச்சை செய்து துவாரத்தை அடைத்து, பாதையை அகலப்படுத்த வேண்டும். வேறு மருந்து கிடையாது.

இச்சிகிச்சைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் தச்சுவேலை செய்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? விவியன் தாமஸ் என்ற கறுப்பின அமெரிக்கர். 1929-ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் பாங்கி முழுகி, டாக்டர் படிப்புக்குச் சேர்த்த பணம் போயிற்று. ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்குச் செய்து பார்த்து முறையை வகுத்தவர் அவர். 1944 நவம்பர் 29-ல் பால்டிமோரில் டாக்டர் பிளேலாக் முதல் நீலக் குழந்தைக்குக் கத்தி எடுத்தபோது, பின்னால் முக்காலிமேல் நின்று வழி சொன்னார். சிகிச்சைக்கு டாக்டர்களின் பெயர்; சம்பளப் பட்டியலில் இவர் துப்புரவுத் தொழிலாளி! கௌரவ டாக்டர் பட்டம் 1976-ல்தான் வந்தது.

கோளாறை முழுதாகச் சீர்செய்யும் சிகிச்சை 1954-ல் அமெரிக்காவில் வந்தது. 1960-களின் தொடக்கத்திலேயே வேலூரில் இருதயத்தைத் திறந்து ரணசிகிச்சை செய்தார்கள். ஆக, வித்தை புதிதல்ல. ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேர் இருதயக் கோளாறுடன் பிறக்கிறார்கள். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு சர்க்கார் காப்பீடும் உண்டு.

பிறகு ஏன் பிள்ளைகள் சாகிறார்கள்? காலதாமதம்! சில கோளாறுகளைப் பிறந்த சில வாரங்களுக்குள் சீர்செய்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தால் காலம் கடந்துபோகும். கண்டுபிடித்தாலும், காப்பீடு ஆஸ்பத்திரிக்குத்தான் பணம் கொடுக்கிறது. தறி ஓடினால்தான் கூலி. பொதிகை ரயிலில் ஓர் இரவு பயணம் செய்து சென்னையில் வாரக்கணக்கில் காத்துக் கிடக்கும் தாய் தகப்பனுக்கு அடுப்பெரிய யார் கொடுப்பார்? முன்பணக் கடன்தான் ஏறும்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரள சர்க்கார் 2017-ல் ‘ஹிருதயம்’ திட்டம் வகுத்து, குழந்தையைப் பதிவு செய்து இலவசமாகவே சிகிச்சைக்கு அனுப்புகிறது. இங்கும் அது நடக்கட்டும். உடன் போகும் பெற்றோருக்குக் கூலி ஈடு கொடுக்கட்டும். நெல்லையிலும் மதுரையிலும் சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே சிக்கலான கோளாறுகளையும் சீர்செய்யத் தேவையான டாக்டர்களையும் நர்ஸுகளையும் நியமிக்கட்டும்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிஜன் மீட்டர் நினைவிருக்கிறதல்லவா? அதே வகைக் கருவியைப் பிறந்த மறுநாள் சிசுவின் கையிலும் காலிலும் வைத்தால் பல கோளாறுகள் தெரிந்துவிடும். பிள்ளை பெற்ற வீட்டார், டிஸ்சார்ஜ் சீட்டு வாங்குமுன், “மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?” என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.