தேங்காய் மாதிரி ஒரு பந்து, இடுப்புல ரெண்டு துணி

2023 அக்டோபர்ல மும்பையில ஒலிம்பிக் கமிட்டி கூடி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு அஞ்சு விளையாட்டைச் சேர்த்தாங்க. கிரிக்கெட் வந்துடுச்சுன்னு நாம எல்லாம் குதிச்சோம். ஸ்குவாஷ்னதும் சென்னைக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கிட்டாங்க. பேஸ்பாலையும் லக்ராஸையும் யாரும் கண்டுக்கல. அஞ்சாவதா இருந்த ஃப்ளாக் ஃபுட்பாலைப் பத்தி எங்க கிளாஸ்ல கேட்டா, "கொடியைப் புடிச்சிக்கிட்டு ஃபுட்பாலா?"ன்னு ஒருத்தன் சிரிச்சான். அவனுக்காகவும், அவனைவிட முக்கியமா எட்டு வயசுல இருந்து பதினஞ்சு வயசு வரைக்கும் பிள்ளைங்க வச்சிருக்கிற அப்பா அம்மாக்களுக்காகவும்தான் இது.

இது நம்ம கால்பந்து இல்ல. அமெரிக்கக்காரன் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டி மோதுறானே, அதோட சாதுவான தம்பி. பந்து மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும், கையாலதான் எறியணும். ஒரு பக்கம் அஞ்சு பேர். ஒவ்வொருத்தர் இடுப்பு பெல்ட்லயும் ரெண்டு பக்கமும் துணிப்பட்டை தொங்கும். பந்தை வச்சிருக்கிற ஆளைத் தள்ளி விழ வைக்கக் கூடாது, அந்தப் பட்டையை உருவிட்டா போதும், ஆட்டம் அங்கேயே நிக்கும். பாதி மைதானத்தைத் தாண்ட நாலு வாய்ப்பு, தாண்டிட்டா எல்லையைத் தொட இன்னொரு நாலு. தொட்டா 6 பாயிண்ட். தடுக்கிறதுக்காக மேல விழுந்தா ஃபவுல், சட்டையைப் பிடிச்சா ஃபவுல். பட்டையைக் கையால மறைச்சாலும் ஃபவுல்தான். அமெரிக்க ராணுவ முகாம்கள்ல வீரர்கள் விளையாடியே கை காலை ஒடிச்சுக்கக் கூடாதுன்னு புழக்கத்துக்கு வந்த ஆட்டம்னு சொல்லுவாங்க.

நம்ம ஊர்ல பெத்தவங்களுக்கு விளையாட்டுன்னா ஏன் பயம்னு எனக்குப் புரியாம இல்ல. தாமிரபரணிக் கரையில கோயில் கொடைன்னா கபடிப் போட்டி இல்லாம இருக்குமா? கபடின்னா முட்டி விலகும், தோள்பட்டை இறங்கும், சில ஊர்ல ஆட்டம் முடிஞ்ச பிறகு சண்டை வேற. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கிட்டு வந்தவர், அர்ஜுனா விருது வாங்கினவர். அவர் வாழ்க்கையை வச்சு மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' (2025) பார்த்தீங்கன்னா, பையன் கபடிக்குப் போறான்னு அந்த அப்பா பயந்துக்கிட்டே இருப்பார். தியேட்டர்ல எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ஒரு மாமா "அவரு பயப்படுறதுலயும் நியாயம் இருக்குல்லா"ன்னார். இருக்கு. நான் மறுக்கல.

ஆனா பொம்பளப் பிள்ளைங்க விஷயத்துல பயம் முட்டியைப் பத்தினது இல்ல. எங்க சித்தி மக எட்டாவது படிக்கும்போது 200 மீட்டர்ல பள்ளிக்கூடத்துலயே முதல் ஆளா வருவா. பெரிய மனுஷி ஆன மறு மாசம் ஷூவைக் கழட்டினவதான். காயம் எதுவும் படல, தோத்தும் போகல. "பொட்டப்புள்ளைக்கு இனிமே என்னளா ஓட்டமும் சாட்டமும்"னு ஆச்சி ஒரு வார்த்தை சொன்னாங்க, சித்தி தலையாட்டினாங்க, முடிஞ்சு போச்சு. இப்ப பிளஸ் டூ படிக்கிறா. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. இந்தக் கதை உங்க வீட்லயும் ஒண்ணு இருக்கும்.

அதனாலதான் இந்த ஆட்டத்தைப் பிடிச்சுக்கிட்டேன். சின்னப் பிள்ளைங்கன்னா பையனும் பொண்ணும் ஒரே டீம்ல ஆடலாம். யாரும் யாரையும் பிடிக்க வேண்டியதில்ல. டிராக் பேண்ட், டீ-ஷர்ட் போதும். (மேல கை படாத ஆட்டம்ங்கிற ஒரே காரணத்துக்காக வீட்ல அனுமதிக்கிறது எனக்குப் பிடிச்ச காரணம் இல்ல. ஆனா கதவு அந்தச் சாவிக்குத்தான் திறக்கும்னா, திறக்கட்டும்.) ஒலிம்பிக்லயும் ஆண்களுக்கு 6 அணி, பெண்களுக்கும் அதே 6 அணி. 2022ல பர்மிங்ஹாம்ல நடந்த உலக விளையாட்டுப் போட்டியில மெக்சிகோ பெண்கள் அணி, இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்ச அமெரிக்காவையே அதன் சொந்த மண்ணுல 39-6ன்னு அடிச்சு தங்கம் வாங்கினாங்க. அந்த அணியோட டயானா ஃப்ளோரெஸ் 8 வயசுல ஆரம்பிச்சவங்க. அறிமுகம் பண்ணி வச்சது அவங்க அப்பா. அப்பாமார்கள் கவனிக்க :-)

அடியே படாதான்னா, படும். விரல் மடங்கும், கணுக்கால் பிசகும், பட்டையைப் பார்த்துக்கிட்டே ஓடி வர்ற ரெண்டு பேர் தலை மோதிக்கும். நம்ம சரள் மண்ணுல விழுந்தா முழங்கை உரியும். ஆனா அமெரிக்காவுல முட்டி மோதுற ஃபுட்பால்ல தலையில அடிபட்டு, வயசான காலத்துல நினைவு தப்பின முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டு, 2013ல அந்த லீக் 76.5 கோடி டாலர் தர ஒத்துக்கிச்சு. நம்ம பிள்ளைங்களுக்கு அந்த ஆட்டத்தை நான் சொல்லவே மாட்டேன். அங்கேயே நிறைய பெத்தவங்க, சின்ன வயசுல ஃப்ளாக் மட்டும் ஆடுடான்னு சொல்றாங்க.

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "இதுல என்ன பிரயோஜனம்? சர்டிபிகேட் உண்டா?" பி.காம் படிக்கிறவகிட்ட லாப நஷ்டம் கேக்கிறது நியாயம்தான். பொறியியல் கலந்தாய்வுல விளையாட்டு ஒதுக்கீடு 500 இடம், அரசு வேலையில 3 சதவீதம், இதெல்லாம் நம்ம மாநிலத்துல உண்டு. அதைக் குறி வச்சுத்தான் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புவீங்கன்னா கபடிக்கோ தடகளத்துக்கோ ஹாக்கிக்கோ அனுப்புங்க, பக்கத்துல கோவில்பட்டியே இருக்கு. ஃப்ளாக் ஃபுட்பாலை வரவு பக்கத்துல எழுத இப்போதைக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டமும், செல்போன் கீழ இருக்கிற நேரமும்தான். செலவு பக்கத்துலயும் பெருசா ஒண்ணும் இல்ல. பெல்ட் வாங்கக் கூட வேண்டாம். போன மாசம் எங்க தெருப் பிள்ளைங்க பத்துப் பேரை வச்சு காலி மனையில ஆடிப் பார்த்தோம். பழைய சேலையைக் கிழிச்சு ஆளுக்கு ரெண்டு துண்டு இடுப்புல சொருகினோம். தேங்காய்ப் பந்து கிடைக்கல, கைப்பந்தை வச்சு ஒப்பேத்தினோம். ஆறாவது படிக்கிற ஒரு பொண்ணு மூணு பையன்களுக்கு டிமிக்கி குடுத்துட்டு எல்லையைத் தொட்டா. வேப்பமரத்தடியில நின்னு பார்த்துக்கிட்டிருந்த அவங்க அம்மா, கேட்காமலேயே அடுத்த வாரத்துக்கும் அனுப்புறேன்னாங்க.

அதனால பெத்தவங்ககிட்ட நான் கேக்கிறது சம்மதம் கூட இல்ல. ஒரு நாள் சாயங்காலம் அஞ்சரைக்கு மேல, வெயில் தாழ்ந்த பிறகு, வந்து நின்னு ஒரு ஆட்டம் பாருங்க. பிடிக்கலைன்னா கையோட கூட்டிட்டுப் போயிடுங்க. பிள்ளைக்குப் பாக்கெட் இல்லாத பேண்ட் போட்டு விடுங்க, பட்டையை உருவ வர்ற விரல் பாக்கெட்ல மாட்டினா சுளுக்கிக்கும். பொண்ணா இருந்தா தொங்கட்டானைக் கழட்டி வீட்லயே வச்சிட்டு வரச் சொல்லுங்க. தண்ணி பாட்டில் மறக்காதீங்க.