பித்தப்பையை எடுத்தாச்சு, இனி என்ன காமாலை?



நெடுந்தீவில் படிப்பிக்கும் நாங்கள் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மாணவி ஒருத்தியின் அம்மாவுக்குப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை நடந்தது. நாலு சின்னத் துளை, இரண்டு நாளில் வீடு. பத்தாம் நாள் கண் மஞ்சள், நடுக்கத்தோடு காய்ச்சல். ஊர் என்ன சொன்னது? "கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடி." நாலு நாள் குடித்தா. ஐந்தாம் நாள் படகில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனோம்.

எல்லாக் காமாலையும் ஒன்றல்ல. பித்தப்பையை எடுத்தாலும் ஈரல் பித்தம் சுரந்துகொண்டேதான் இருக்கும். அது வரும் குழாயில் ஒரு கல் தங்கிவிட்டாலோ, கிளிப் போட்ட இடத்தில் பித்தம் கசிந்தாலோ, எந்த இலைச்சாறும் அதைச் சரிசெய்யாது.

"போனால் திரும்பவும் வயிற்றைக் கிழிப்பாங்கள்" என்ற பயமும் பழசு. 1974 இலேயே வாய்வழியாகக் கமராக் குழாயை விட்டு, பித்தக்குழாயின் வாயைச் சிறிது வெட்டிக் கல் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இதைத்தான் ஈ.ஆர்.சி.பி. என்கிறார்கள். கசிவென்றால் உள்ளே ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைப்பார்கள். வயிற்றில் தேங்கிய பித்தத்தை ஸ்கான் பார்த்து ஊசித் துளையால் வடிப்பார்கள். கணைய அழற்சி போன்ற ஆபத்து இதிலும் உண்டு. ஆனாலும் பெரும்பாலோருக்கு இதுவே போதும். பித்தக்குழாயே வெட்டுப்பட்டிருந்தால் பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஆயுள் முழுக்க இருக்கிற சாமான் இல்லை. கடல் குழப்பம், ஒருநாள் கூலி போகும் என்று கிளினிக்கை விட்டால் அது அடைபட்டு, காமாலையும் கிருமித்தொற்றும் திரும்ப வரும்.

வைத்தியசாலைகளிடமும் கேட்கிறோம். ஆங்கிலத்தில் மட்டும் துண்டு எழுதி எங்கள் சனத்தை அனுப்பாதீர்கள். குறிகட்டுவானுக்கு வரவே எங்களுக்கு ஒரு மணி நேரக் கடல் இருக்கிறது. எந்த அறிகுறிக்கு உடனே வரவேண்டும், ஸ்டென்ட் எந்தத் திகதியில் எடுக்கவேண்டும், இந்த இரண்டையும் தமிழில் எழுதித் தாருங்கள். இது சலுகை இல்லை, நோயாளியின் உரிமை.

உறவுகளே, சத்திரசிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல், கூடிக்கொண்டு போகும் வயிற்றுவலி, மஞ்சள் கண், தேயிலைச்சாயம் போலச் சிறுநீர், வெளிறிய மலம், இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே எங்கள் பிரதேச வைத்தியசாலைக்குப் போங்கள். கடைசிப் படகு போனபிறகு யோசிக்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.