இரவல் நாவு



மூதூரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பத்து வருடமாகக் கதை, கட்டுரை என்று எழுதி வருகிறாராம். இரண்டொன்று அச்சிலும் வந்திருக்கின்றன. "ஆனால் அச்சில் வந்ததை வாசித்தால் யாரோ எழுதியது போல இருக்கிறது, மவ்லவி. என்னை அதில் காணவில்லை. இது திறமைக் குறைவா? பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டுக் கேட்டு வந்த பயமா?" என்று கேட்கிறார். கூடவே ஒரு கதையையும் அனுப்பியிருக்கிறார்.

கதையை இரண்டு முறை வாசித்தேன். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் கதாநாயகி காலையில் எழும்போது ஆதவன் பொற்கிரணங்களை வீசுகிறான். அவள் தாயை "அம்மா" என்கிறாள், தமையனை "அண்ணா" என்கிறாள், புருஷனை "என்னங்க" என்கிறாள், பில்டர் காப்பி குடிக்கிறாள். மூதூரில் எந்த வீட்டில், சகோதரி, பில்டர் காப்பி? உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா எல்லாரும் எங்கே போனார்கள்? சுபஹுத் தொழுதுவிட்டு அடுப்படியில் குந்தியிருந்து குடிக்கும் தேத்தண்ணி எங்கே? கடைசிப் பக்கத்தில் அவள் முக்காட்டைச் சரிசெய்யும்போதுதான் அவள் நம்முடைய பிள்ளை என்றே தெரிகிறது.

இது இவர் ஒருவரின் குறையல்ல. தமிழகத்துத் தொடர்கதைகளை வாசித்து வளர்ந்த தலைமுறை இது. வாசித்த பேச்சே எழுத்துக்குரிய பேச்சு, வீட்டுப் பேச்சு வீட்டோடு என்று மனதில் பதிந்துவிட்டது. மிம்பரில் ஏறும் இளம் மவ்லவிமார் சிலரும் ஒலிநாடாவில் கேட்ட இந்தியப் பேச்சாளரின் இருமலைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு அரபியில் 'தகல்லுஃப்' என்று ஒரு சொல் உண்டு. தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்ட வலிந்து முயல்வது. ஸூரா ஸாதின் 86ஆம் வசனத்தில், தாம் அப்படிப்பட்டவரல்லர் என்று சொல்லும்படி நபி (ஸல்) அவர்களுக்கே அல்லாஹ் கட்டளையிடுகிறான். தனக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டுபவரை, பொய்யான இரண்டு ஆடைகளை உடுத்தவருக்கு ஒப்பிட்டார்கள் நபியவர்கள். அஸ்மா (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. சக்களத்தியை எரிச்சலூட்ட ஒரு பெண் சொல்லக் கேட்ட பொய்யைப் பற்றியது அது. எழுத்துக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் சொந்தக் குரல் என்பது எப்படி இருக்கும்? அரபுக் கல்லூரியில் மாணவர்களுக்கு ஹதீஸ் பாடம் சொல்லும்போது ஓரிடத்தில் எப்போதும் நிறுத்திவிடுவேன். அன்னை ஆயிஷா (ரழி) தம்மீது சுமத்தப்பட்ட அவதூறைப் பற்றித் தாமே சொன்ன நீண்ட செய்தி அது. ஒரு பெண்ணின் மானத்தைப் பற்றிய, ஒரு சமூகத்தையே உலுக்கிய விவகாரம். அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பயணத்தில் கழுத்து மாலை அறுந்து விழுந்தது. அது ழஃபார் மணி மாலை. மாலையைத் தேடித் திரும்பிப் போனார்கள். அதற்குள் பல்லக்கை ஒட்டகத்தில் ஏற்றியவர்களுக்கு உள்ளே ஆளில்லை என்பது தெரியவில்லை. ஏன்? அந்தக் காலத்துப் பெண்கள் சொற்பமே சாப்பிட்டார்கள், உடம்பில் சதையில்லை. தாமும் அப்போது சின்ன வயது. பாரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இந்தக் காரணத்தை ஓர் ஆண் சொல்லியிருப்பாரா என்று மாணவர்களிடம் கேட்பேன்.

மதீனா திரும்பிய பின் ஒரு மாதம் நோயில் கிடந்தார்கள். ஊர் பேசுவது தெரியாது. ஆனால் நோயாக இருக்கும்போது கணவரிடம் வழக்கமாகக் காணும் பரிவு இந்த முறை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. வருவார்கள், ஸலாம் சொல்வார்கள், எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவ்வளவுதான். வீட்டுப் பெண்ணுக்கு மட்டுமே பிடிபடும் மாற்றம் இது. பிறகு உம்மு மிஸ்தஹ் தம் ஆடை தடுக்கி இடறி, பெற்ற மகனையே சபித்தபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. பணிப்பெண் பரீராவை விசாரித்தபோது, சின்னப் பிள்ளை, பிசைந்த மாவை விட்டுவிட்டுத் தூங்கிவிடுவார், ஆடு வந்து தின்றுவிடும், இதைத் தவிர வேறு குறை கண்டதில்லை என்றார் பரீரா. அதையும் அன்னை மறைக்கவில்லை.

அதைவிட ஓரிடம். துயரத்தின் உச்சியில் தமக்கு உவமை சொல்ல யாகூப் நபியின் பெயரைத் தேடினார்கள். நினைவுக்கு வரவில்லை. யூஸுபின் தந்தை என்று சொல்லிவிட்டார்கள். பின்னாளில் பெரும் ஆலிமாவாக இருந்து, ஸஹாபாக்களுக்கே பாடம் சொன்னவர் அவர்கள். அந்தப் பெயரைப் போட்டுச் சீராக்கிச் சொல்லியிருக்கலாம். அன்று அந்தச் சிறுபெண் தடுமாறியதைத் தடுமாறியபடியே சொன்னார்கள். ஆயிரத்து நானூறு வருடம் கழித்து வாசிக்கும் நமக்கும் தொண்டை அடைக்கிறது.

சரி, அது அரபு நாடு, அவர்கள் உம்முல் முஃமினீன் என்பீர்கள். நம் கடற்கரைக்கே வருவோம்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்தவர் தோப்பில் முஹம்மது மீரான். மலையாளத்தில் படித்தவர், தமிழ் எழுத்து அவருக்குச் சரளமில்லை. மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தவர். அழகு தமிழ் அவரிடம் இல்லை, ஊர்ப் பேச்சு இருந்தது. முதலாளிக்குப் பயந்து வாழும் அந்தக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சிலேயே 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எழுதினார். அதைத் தொடராக வெளியிட்டது பெரிய இலக்கிய இதழ் அல்ல. நமது இதழைப் போன்ற 'முஸ்லிம் முரசு'. 1988இல் நூலாக வந்தது. 1997இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 2019இல் வபாத்தானார். சென்னைத் தமிழைக் கற்றுக்கொண்டு அதன் பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருந்தால் நமக்கு அந்தக் கிராமமே கிடைத்திராது.

மூதூர்ச் சகோதரிக்கு அவ்வளவு தூரமும் போக வேண்டியதில்லை. அவருடைய ஊரிலேயே வ. அ. இராசரத்தினம் ஆசிரியர் இருந்தார், 2001இல் மறைந்தார். நம் மார்க்கத்தவர் அல்லர், நம் கடலைச் சேர்ந்தவர். சொந்தத் தோணிக்கு ஏங்கும் ஓர் ஏழை மீனவச் சிறுவனை வைத்து 'தோணி' என்ற கதை எழுதினார். அந்தப் பெயரில் வந்த தொகுதிக்கு சாஹித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. தெற்கே ஓட்டமாவடியில் எஸ்.எல்.எம். ஹனீபா தம் ஊர்ச் சனங்களின் பேச்சோடு எழுதிய 'மக்கத்துச் சால்வை' தொகுதி 1992இல் வெளிவந்தது. பெண்கள் என்றால், நாகூரில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்ற சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே 'காதலா? கடமையா?' நாவலை எழுதி, உ.வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வெளியிட்டார்.

இரவல் பேச்சால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது உம்மாவைப் பறிகொடுத்த ஒரு கிண்ணியாச் சகோதரி, அதைப் பற்றி எழுதிய கட்டுரையைத் திருத்தித் தரும்படி கணவரோடு வந்திருந்தார். 'ஆழிப்பேரலையின் கோரத் தாண்டவம்' என்று தொடங்கியிருந்தார். தாண்டவம் யாருடையது என்றுகூட யோசிக்கவில்லை, பத்திரிகையில் இருந்தது, எடுத்துக்கொண்டார். நான் அதை வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அடுப்படியில் என் வீட்டாரிடம் பேசிக்கொண்டிருந்தார். உம்மாட சீலை ஒன்று வேலிக் கம்பியில் சிக்கிக் கிடந்து கிடைத்ததாம். ஏழு தரம் அலசியும் உப்பு போகவில்லையாம். காய்ந்ததும் விறைத்து மட்டை மாதிரி நிற்குமாம். இப்போதும் பெட்டியில் இருக்கிறதாம். கட்டுரையில் அந்தச் சீலை இல்லை! கேட்டால், "அதெல்லாம் எழுதுற விஷயமா மவ்லவி?" என்கிறார்.

அந்தச் சீலை அவருடைய கண்ணுக்கு மட்டுமே பட்டது. அவர் எழுதாமல் விட்டால் அவரோடு போய்விடும். தாண்டவத்தை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பயத்தைப் பற்றியும் கேட்டிருந்தார். நபி (ஸல்) அவர்களின் துணைவியார் ஹப்ஸா (ரழி) அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் ஷிபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) என்ற பெண். அபூதாவூதில் இருக்கிறது. பெண்களுக்கு எழுத்தைக் கற்பிக்காதீர்கள் என்று சிலர் எடுத்துக்காட்டும் செய்தி இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீஸ் கலை இமாம்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்தப் பயத்தை விடலாம்.

விடக் கூடாத பயம் ஒன்று உண்டு. சொந்தப் பேச்சில் எழுதப் புகுந்தால் சொந்த வீடும் உள்ளே வந்துவிடும். மாமியின் குறை, மதினியின் சண்டை, அயல்வீட்டுப் பிள்ளையின் கதை. கதை என்று பெயர் வைத்தாலும் புறம் புறம்தான். பெயரை மாற்றுங்கள், வீட்டை மாற்றுங்கள், தெருவை மாற்றுங்கள். இவ்வளவு மாற்றியும் ஊர் இன்னார் என்று கண்டுகொள்ளுமானால் அதைப் பெட்டியில் வையுங்கள். ஆனால் அவர் பேசிய பேச்சை மாற்றிப் புத்தகத் தமிழ் ஆக்காதீர்கள். அதில் பாவம் எதுவும் இல்லை.

வேற்றூரார் விளங்காமல் சிரிப்பார்களே என்ற கவலைக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கதையில் 'படகுச் சேவை மூலம் கிண்ணியாவை அடைந்தாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். 2009இல் பாலம் திறக்கும் வரை அதை நாம் 'பாதை' என்றுதானே சொன்னோம்? கொழும்பில் உள்ளவர் வீதி என்று நினைப்பார் என்று அஞ்ச வேண்டாம். 'துறையடியில் பாதைக்குக் காத்து நின்றோம். பாதை அக்கரையில் கிடந்தது. வந்ததும் இரண்டு மாட்டு வண்டியும் ஒரு லொறியும் ஏறின, அதற்குப் பிறகு நாங்கள் ஏறினோம்' என்று எழுதிப் பாருங்கள். கொழும்புக்காரரும் ஏறிவிடுவார்.