ஓட்டிப் பார்த்தால்தான் எஞ்சின்!

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "எனக்குக் கவிதையெல்லாம் வராதுண்ணே" என்று நழுவப் பார்த்தேன். "தெரிஞ்சதை எழுதுடா" என்றார். எனக்குத் தெரிந்தது எஞ்சின்தான். அதுவும் எவ்வளவு தெரியும் என்பது சென்ற கோடை விடுமுறையில், சித்தப்பா தோட்டத்தில் வெளுத்துப் போயிற்று.

டீசல் பம்ப்செட் திடீரென்று நின்றுவிட்டது. "நம்ம வீட்லயே டிப்ளமா படிக்கிற ஆள் இருக்கும்போது மெக்கானிக் எதுக்கு?" என்று என்னைக் கூப்பிட்டார் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைப் படம் போட்டு, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவன். அரை மணி நேரம் அந்த எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் பக்கத்து ஊர் மெக்கானிக் வந்தார். டீசல் லைனில் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தினார், நுரை அடங்கும்வரை விட்டார், திரும்ப முடுக்கினார். காற்று அடைத்திருந்தது, அவ்வளவுதான்! எஞ்சின் ஓடியது. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

அந்த வலி ஆறுவதற்குள் ஒரு வீடியோ பார்த்தேன். இங்கிலாந்தில் ஓல்டு வார்டன் என்ற சிறிய விமானத்தளம். ஷட்டில்வொர்த் சேகரிப்பு என்ற பெயரில் பழைய விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அதில் ஒன்று 1912-இல் செய்த பிளாக்பர்ன் விமானம். காற்று அடங்கிய வேளை பார்த்துத்தான் வெளியே எடுப்பார்கள். அதன் மூக்கில் இருப்பது 50 குதிரைத்திறன் நோம் எஞ்சின். புரொப்பெல்லர் சுற்றியது, சரி. ஆனால் அதோடு சேர்ந்து எஞ்சினே சுற்றுகிறது நண்பர்களே!

நம் பாடத்தில் சிலிண்டர் நிற்கும், கிராங்க் ஷாஃப்ட் சுற்றும். பிரான்சின் செகேன் சகோதரர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். கிராங்க் ஷாஃப்டை விமானத்தின் உடலோடு முடுக்கிவிட்டார்கள். ஏழு சிலிண்டர்களும் கிராங்க் கேஸும் புரொப்பெல்லரும் ஒரே கட்டாகச் சுற்றும். (மாஸ்டா காரில் வரும் ரோட்டரி எஞ்சின் வேறு சாதி, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அப்படியானால் பிஸ்டன் எப்படிப் போய்வரும்? இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. சிலிண்டர்கள் ஷாஃப்டின் மையத்தைச் சுற்றுகின்றன. பிஸ்டன்களோ மையம் விலகி நிற்கும் கிராங்க் பின்னைச் சுற்றுகின்றன. இரண்டு வட்டங்களுக்கும் மையம் வேறு. அதனால் ஒரு பக்கம் வரும்போது பிஸ்டன் சிலிண்டருக்குள் ஏறியிருக்கும், எதிர்ப்பக்கம் போகும்போது இறங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பிஸ்டன் போய்வரவே இல்லை, சும்மா வட்டமடிக்கிறது! நோட்டில் ரெண்டு வட்டம் போட்டுப் பாருங்கள், பிடிபடும்.

ஏன் ஏழு? ஒன்று விட்டு ஒன்றாக 1, 3, 5, 7, 2, 4, 6 என்று வெடித்தால் இரண்டு சுற்றில் எல்லாம் முடிந்து, இடைவெளி சமமாக வரும். இரட்டைப்படை எண்ணை வைத்துப் பாருங்கள், வராது.

"அது தப்பான டிசைன், அதனால்தான் ஒழிந்தது" என்று ஒரே வரியில் இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைய விமானத்தின் வேகத்தில் கிடைக்கும் காற்று, நிற்கிற சிலிண்டரைக் குளிர வைக்கப் போதாது. தண்ணீர், ரேடியேட்டர் என்றால் பாரம். சிலிண்டரையே சுழற்றிவிட்டால் தரையில் நிற்கும்போதும் காற்று தானாக அடிக்கும். சுற்றுகிற கட்டே ஃப்ளைவீல் ஆகிவிடுவதால் அந்த எடையும் மிச்சம். மொத்த எஞ்சின் ஏறக்குறைய 75 கிலோதான். சிலிண்டர் சுவரின் கனம் 1.5 மில்லிமீட்டர், முழு எஃகுத் துண்டைக் குடைந்து கடைந்தது. லேத்தில் ஒரு புஷ் கடையவே நாம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்! 1909-இல் ரைம்ஸ் விமானப் பந்தயத்தில் ஹென்றி ஃபார்மன் நெடுந்தூரப் பரிசை வென்றது இந்த எஞ்சினை வைத்துத்தான்.

எண்ணெய் விஷயத்தை எங்கள் தாத்தாவிடம் சொன்னேன். பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் வழியாகவே போகும். சாதாரண மினரல் ஆயில் ஊற்றினால் பெட்ரோல் அதைக் கரைத்துவிடும். அதனால் விளக்கெண்ணெய்! போன எண்ணெய் திரும்பாது. எரிந்தும் எரியாமலும் விமானி முகத்தில் தெறிக்கும். மாட்டுவண்டி ஓட்டிய எங்கள் தாத்தா அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை போட்டவர். "அட, ஏரோப்ளேனுக்கும் நம்ம எண்ணெய்தானா?" என்று சிரித்தார். முதல் உலகப்போரின்போது அமெரிக்கா விமான எண்ணெய்க்காக ஆமணக்கு பயிரிட, பம்பாயிலிருந்துதான் விதை வரவழைத்தது.

குறையும் இருந்தது. வேகத்தைக் கூட்டக் குறைக்க இன்றுபோல் வசதி இல்லை. இறங்கும்போது சுவிட்சை அமுக்கி இக்னிஷனை வெட்டி வெட்டி விடவேண்டும். நீண்ட நேரம் அமுக்கினால் எரியாத பெட்ரோல் சேர்ந்து, திரும்பப் பற்றும்போது தீப்பிடிக்கும் ஆபத்து. சுழலும் எடை பம்பரம் போல வேலை செய்ததால், 1917-இல் வந்த சாப்வித் கேமல் விமானம் வலப்பக்கம் திரும்பும்போது மூக்கைக் கவிழ்க்கும், இடப்பக்கம் திரும்பினால் தூக்கும். பழக்கமில்லாத பயிற்சி விமானிகள் பலர் அதில் செத்தார்கள். வேகமும் திறனும் கூடக் கூட, காற்றைக் கிழித்துச் சுற்றுவதற்கே சக்தி வீணாயிற்று. 1920-களில் சிலிண்டர் நிற்கும் ரேடியல் எஞ்சின்கள் இடத்தைப் பிடித்தன. அவற்றுக்கும் அதே நட்சத்திர வடிவம்தான்!

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த சுவிட்சை அமுக்கும்போது சத்தம் விட்டு விட்டு வருவதையும், எண்ணெய்ப் புகை பறப்பதையும் பார்த்த பிறகுதான் படித்தது எனக்கு உறைத்தது. கண்ணாடிக்குள் நிறுத்திய எஞ்சின் இதைச் சொல்லியிருக்காது. அபூர்வமான பொருளைத் தேய்க்கலாமா, விழுந்தால் போச்சே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான பயம்தான். உலகில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தால் அதை நானும் தொட மாட்டேன். மற்றதற்கு வழி இருக்கிறது. நியூசிலாந்தில் 100 குதிரைத்திறன் நோம் எஞ்சினைப் புதிதாகவே செய்து ஓட்டியிருக்கிறார்கள். செய்யும் கையும் ஓட்டும் கையும் இருப்பதால்தான் அது முடிந்தது.

நம் ஒர்க்‌ஷாப்பின் பின்புறம், தகரக் கொட்டகையில் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போடப் போவதாகப் பேச்சு. "இது வேலைக்கு உதவுமாடா? சி.என்.சி. கத்துக்கோ" என்கிறான் என் அறைத் தோழன். சி.என்.சி.யும் கற்றுக்கொள்வோம், யார் வேண்டாம் என்றது? ஆனால் மூன்று வருடத்தில் ஒரு எஞ்சினையாவது நம் கையால் ஓட வைக்காமல் சான்றிதழோடு ஊருக்குப் போக எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சங்கத்தின் சார்பில் முதல்வர் ஐயாவிடம் கேட்டுப் பார்ப்போம். நான்கு சனிக்கிழமை போதும். பிரிப்பது, துரு எடுப்பது, வால்வு தேய்ப்பது எல்லாம் பங்குபோட்டுக்கொள்வோம். டீசல் லைனில் ஸ்க்ரூவைத் தளர்த்திக் காற்று எடுக்கும் வேலை மட்டும் என்னுடையது.