கறி உண்டும் ஏன் இரத்தசோகை?

 

"நாங்கள் இறைச்சியும் மீனும் உண்பவர்கள், எங்களுக்கு எங்ஙனம் சத்துக் குறைவு வரும்?" என்று நம் இல்லங்களில் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வைட்டமின் பி12 என்னும் உயிர்ச்சத்து இறைச்சி, ஈரல், மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இயல்பாகக் கிடைக்கிறது. காய்கறிகளிலும் தானியங்களிலும் அது இல்லை. எனினும் உண்பது வேறு. உண்டதை உடல் ஏற்றுக் கொள்வது வேறு. இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவைச் சிகிச்சை செய்து கொண்டவர், நாள்தோறும் ஈரல் உண்டாலும் இச்சத்துக் குறைவுக்கு ஆளாகலாம். இம்மாதம் அதனைப் பற்றி அறிந்து கொள்வோம்.

இரைப்பை செய்யும் பணி

உணவிலுள்ள பி12 புரதத்தோடு பிணைந்திருக்கிறது. இரைப்பையில் சுரக்கும் அமிலமும் நொதியும் அதனைப் பிரித்தெடுக்கின்றன. அத்துடன், இரைப்பையின் உட்சுவர் ஒரு துணைப்பொருளையும் சுரக்கிறது. பி12 சத்து அத்துணைப்பொருளோடு இணைந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியை அடைந்த பின்னரே இரத்தத்தில் கலக்கிறது.

இவ்வுண்மை எளிதில் புலப்பட்டதன்று. அமெரிக்க மருத்துவர்களான ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி இருவரும், அதுவரை உயிர்க்கொல்லியாக இருந்த ஒருவகை இரத்தசோகையை, நோயாளிகளுக்கு நாள்தோறும் ஈரல் உண்ணக் கொடுத்தே குணப்படுத்த முடியும் என 1926ஆம் ஆண்டு அறிவித்தனர். இதற்காக ஜார்ஜ் விப்பிளுடன் இணைந்து 1934இல் நோபல் பரிசும் பெற்றனர். இந்நோயாளிகளின் இரைப்பையில் ஏதோ ஒரு பொருள் குறைகிறது என்பதை வில்லியம் காசில் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். ஈரலில் இருந்த அச்சத்து 1948இல்தான் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே பி12.

ஆண்டுகள் கழித்து வரும் ஆபத்து

புண்ணுக்காகவோ புற்றுநோய்க்காகவோ இரைப்பை அகற்றப்பட்டால் அத்துணைப்பொருள் சுரக்க வழியில்லை. குடல் காசநோய் போன்றவற்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி வெட்டி எடுக்கப்பட்டால், சத்தை ஏற்கும் வாயிலே அடைபட்டுவிடுகிறது. உடல் பருமனைக் குறைக்க இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்து கொண்டோரும் இவ்வரிசையில் சேர்வர்.

ஆயினும் குறை உடனே வெளிப்படுவதில்லை. நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பி12 இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்றே அதிகம். கல்லீரலோ பல ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பை வைத்திருக்கிறது. ஆகவே அறுவை முடிந்து இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டுகள் கூடக் கழிந்த பிறகே நோய் தலைகாட்டும். அதற்குள் அறுவை செய்து கொண்டதையே குடும்பத்தார் மறந்திருப்பர். தளர்ச்சியை வயதின் மேல் ஏற்றி வாளாவிருந்து விடுவர்.

அறிகுறிகளைக் கவனியுங்கள். முகம் வெளிறுதல், சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குதல், நாக்கு சிவந்து வழவழப்பாகி எரிதல், கைகால்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற நடை, மறதி, காரணமற்ற எரிச்சல் ஆகியன முக்கியமானவை. பாதங்களின் உணர்வு குன்றியவர் கண்ணின் துணையால்தான் நிலைத்து நிற்கிறார். எனவே சுப்ஹுத் தொழுகைக்காக இருளில் நடக்கும்போதும், உளூச் செய்கையில் முகம் கழுவக் கண்களை மூடும்போதும் அவர் தள்ளாடுவார். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இதனைக் கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். இரத்தசோகையை எப்போதும் சரிசெய்துவிடலாம். நெடுநாள் கவனிக்கப்படாத நரம்புச் சேதமோ முழுமையாக மீளாமல் போகலாம்.

ஃபோலிக் அமிலம் போதுமா?

1928ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்த ஆங்கிலேயப் பெண் மருத்துவர் லூசி வில்ஸ், கருவுற்ற பெண்களை வாட்டிய இரத்தசோகையை ஆராய்ந்தார். சத்துக் குறைந்த உணவை உண்டு வந்த ஏழை முஸ்லிம் பெண்களிடம் அது மிகுந்திருக்கக் கண்டார். ஈஸ்ட் சாறு கொடுத்து அதனைக் குணப்படுத்தினார். அவ்வாராய்ச்சியே பின்னாளில் ஃபோலிக் அமிலம் கண்டுபிடிக்கப்பட வழிவகுத்தது.

இம்மாத்திரை கருவுற்ற தாய்மார்க்குப் பேருதவி புரிகிறது. ஆனால் பி12 குறைந்தவர் இதனை மட்டும் உண்டால், இரத்தம் தேறுவது போல் தோன்றும்; உள்ளே நரம்புகள் கெட்டுக்கொண்டே போகும். ஆதலால் சோதித்துப் பாராமல், பிறர் உண்ணும் சத்து மாத்திரையை வாங்கி உண்ணாதீர்கள்.

அறுவை செய்து கொள்ளாதோரிலும் சிலர் விழிப்பாயிருத்தல் வேண்டும். நீரிழிவுக்காக நெடுங்காலம் மெட்ஃபார்மின் உண்போர், அமிலம் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உண்போர், பத்தியத்தின் பேரில் இறைச்சி, முட்டை, பால் அனைத்தையும் விலக்கியோர் ஆகியோர் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் பி12 அளவைச் சோதித்துக் கொள்வது நலம்.

பருமன் குறைப்பு அறுவைக்குப் பின் ஓயாமல் வாந்தி எடுப்போரின் நிலை இன்னும் அவசரமானது. தயாமின் எனப்படும் பி1 சத்தின் இருப்பு உடலில் சில வாரங்களுக்கே போதும். அது தீர்ந்தால் மூளை பாதிக்கப்படும். பார்வை இரட்டிப்பதும் நடை தடுமாறுவதும் அதன் எச்சரிக்கைகள். உடனே மருத்துவமனை செல்லுங்கள். அறுவை நடந்ததை முதலில் சொல்லுங்கள். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

பரிகாரம்

இரைப்பை முழுதும் அகற்றப்பட்டவர்க்கு பி12 ஊசி வாழ்நாள் முழுதும் தேவை. முதலில் அடுத்தடுத்தும், பின்னர் மாதம் ஒருமுறையோ மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ மருத்துவர் போடுவார். துணைப்பொருள் இல்லாமலும் சத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவு குடலில் கசிந்து சேர்வதால், சிலருக்கு 1000 மைக்ரோகிராம் மாத்திரையும் பயன்படும். எது ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். உடல் தேறிவிட்டதென்று இடையில் நிறுத்தி விடாதீர்கள்.

விலங்கு ஜெலட்டினால் ஆன உறைகளை எண்ணித் தயங்குவோர் மருந்தையே கைவிட வேண்டியதில்லை. ஊசியாகவும், உறையில்லாத மாத்திரையாகவும் இச்சத்து கிடைக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். ரமளானில் ஊசி போடும் நாள் வந்தால், மருத்துவரிடம் சொல்லி இரவு நேரத்துக்கு மாற்றிக் கொள்ளலாம். அண்மையில் அறுவை செய்து கொண்டவர், நோன்பு நோற்பது பற்றி முன்னதாகவே மருத்துவரைக் கலந்து கொள்ளட்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

அறுவை செய்துகொண்ட ஆண்டையும், எப்பகுதி அகற்றப்பட்டது என்பதையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். நாளை வேறொரு மருத்துவரிடம் செல்லும்போது அத்தாள் பெரிதும் உதவும்.

நோயுற்றால் மருத்துவம் செய்து கொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணிக் காக்க வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள் புரிவானாக! ஆமீன்.