'வாங்கு' பட்டனை அழுத்தினால் வாங்கினதா ஆகுமா?

மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்லை. வீடியோ கேம் பற்றி ஒரு நீண்ட த்ரெட். 'டாக்டருக்கு வேற வேலை இல்லையா'ன்னு கேட்கிறவங்க பாதி வரைக்குமாவது வாங்க.

என் அத்தை பையன் ஆவடியில் இருந்தார். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போயிட்டார். 41 வயசு. அதைப் பற்றி இங்கே எழுதப் போறதில்லை. அவர் விட்டுப் போனதில் ரெண்டு விஷயம்தான் இப்போ வேணும். ஒண்ணு, ஷூ டப்பா ஒண்ணுல 11 கேம் டிஸ்க். இன்னொண்ணு, ஆன்லைன் கணக்கில் காசு கட்டி டவுன்லோட் பண்ணி வைத்திருந்த இருபதுக்கும் மேற்பட்ட கேம்கள்.

போன வருஷம் அவரோட பழைய கன்சோலில் போர்டு போயிடுச்சு. ரிப்பேர் கடைக்காரர் கையை விரிச்சிட்டார். பையனுக்கு இப்போ 14 வயசு. டிஸ்க் போடுற வசதி உள்ள கன்சோல் ஒண்ணு செகண்ட் ஹேண்டில் பார்த்து வாங்கிக் கொடுத்தோம். அப்பாவோட 11 டிஸ்க்கும் ஓடுது. கணக்கைத் திறக்கப் போனா ஓடிபி கேட்குது. ஓடிபி போற நம்பர் ரீசார்ஜ் பண்ணாம எப்பவோ கட் ஆகி, இந்நேரம் வேற யார் கையிலோ இருக்கும். இறப்புச் சான்றிதழை இணைச்சு நிறுவனத்துக்கு நானே எழுதினேன். ரொம்ப மரியாதையா பதில் வந்தது. கணக்கு தனிநபருக்கு உரியது, இன்னொருவருக்கு மாற்றித் தர இயலாதாம்.

ஷூ டப்பா வாரிசுக்கு வந்துடுச்சு. கணக்கு அவரோடயே போயிடுச்சு.

அந்த ஒரு நிறுவனத்தைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நாம படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' தட்டுற ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இதுதான் எழுதியிருக்கு. கம்ப்யூட்டர் கேம் விற்பனையில் பெரிய கடையான ஸ்டீமின் ஒப்பந்தத்திலும் கணக்கை அடுத்தவருக்கு மாற்றக் கூடாதுன்னுதான் இருக்கு. நீங்க காசு கொடுத்தது கேமுக்கு இல்லை, விளையாடிக்கொள்ளும் அனுமதிக்கு. ஆனா பட்டன்ல மட்டும் 'வாங்கு'ன்னு போட்டிருக்கும்.

நம்ம ஏரியாவில் இந்த விளையாட்டு எப்படி வளர்ந்ததுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 90-களில் அம்பத்தூர், கொரட்டூர், திருமுல்லைவாயல் பக்கம் வளர்ந்தவங்களுக்குத் தெரியும். டிவி கேம் பெட்டி தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தாலே பெரிசு. '9999 இன் 1' கேசட்டில் உண்மையில் பத்து, பதினைஞ்சு கேம்தான் திரும்பத் திரும்ப வரும். கான்ட்ரா கேசட் ஒண்ணு ஒரு தெருவையே சுத்தி வரும். ஓடலைன்னா கழட்டி ஊதிப் போடுவோம். (ஊதினா எச்சில் ஈரம் பட்டு அந்தப் பித்தளைப் பல்லு இன்னும் சீக்கிரம் கெடும். டாக்டரா இதைச் சொல்ல முப்பது வருஷம் லேட்.)

அப்புறம் பிளேஸ்டேஷன் 2 காலம். இதையும் மறைக்காம சொல்லணும். அப்போ நம்மில் பலர் ஒரிஜினல் வாங்கினதே இல்லை. ஆவடி லோக்கலில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பர்மா பஜார் இல்லைன்னா ரிச்சி ஸ்ட்ரீட். சிப் போட்ட பெட்டி, மார்க்கரில் பேர் எழுதின திருட்டு டிஸ்க். அதனால 'அந்தக் காலத்து டிஸ்க் நேர்மையானது'ன்னு நான் அழ வரலை. ஸ்டீம் 2015-ல் இந்திய ரூபாயில் விலை போட ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் நம்ம பசங்க நிறைய பேர் முதல்முறையா காசு கொடுத்து நியாயமா விளையாடினாங்க. டிஜிட்டல் விற்பனையால் வந்த நல்லது அது, ஒத்துக்கிறேன்.

ஆனா ஒரிஜினல் டிஸ்க் வாங்கும் பழக்கம் வந்த பிறகு, அம்பத்தூர் எஸ்டேட்டில் சம்பளம் வாங்கும் குடும்பத்துப் பையன் அதை எப்படிச் சமாளிச்சான்? கைமாத்தித்தான். ஒண்ணை முடிச்சிட்டு வித்து, மேல கொஞ்சம் போட்டு அடுத்தது. நண்பர்கள் நாலு பேர் ஆளுக்கொரு டிஸ்க் வாங்கினா, நாலு பேருக்கும் நாலு கேம்.

கணக்கு போட்டுப் பாருங்க. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்தப்போ டிஸ்க் உள்ளது 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990. '10,000 மிச்சம்'னு தோணும். புது கேம் ஒண்ணு 4,999 வரைக்கும் போச்சு. முடிச்ச டிஸ்க்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டாலும், நாலு கேமில் அந்த 10,000 திரும்பி வந்துடும். டிஸ்க் இல்லாத பெட்டியில் அது திரும்ப வரவே வராது. ஆரம்பத்தில் விலை குறைஞ்ச பெட்டியை வாங்குறது யாரு? கையில் காசு குறைவா இருக்கிறவங்கதான். 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே சேர்த்து வரலை, வேணும்னா தனியா வாங்கணும். அது விலை குறைஞ்ச மாடலும் இல்லை!

இது எனக்கு ஏன் உறுத்துது? நான் எம்பிபிஎஸ் முடிச்சது பழைய புத்தகத்தில்தான். என்னோட ராபின்ஸ் பெத்தாலஜி முதல் பக்கத்தில் எனக்கு முன்னாடி மூணு சீனியர் பேர் இருக்கு. ஒருத்தர் ஓரத்தில் எழுதின குறிப்பு, 'இது வைவாவில் கண்டிப்பா வரும்'. வந்தது. நான் படிச்சு முடிச்சு ஒரு ஜூனியருக்குக் கொடுத்தேன். இப்போ பசங்க நீட் பிஜிக்கு ஆப்பில் சந்தா கட்டிப் படிக்கிறாங்க. வீடியோக்கள் அருமையா இருக்கு, எங்களுக்குக் கிடைக்காத வசதி. ஆனா சந்தா முடிஞ்ச அன்னிக்கு எல்லாம் பூட்டிடும். அடுத்த பேட்ச் பையன் முதலிலிருந்து முழுக் காசும் கட்டணும். சீனியர் இல்லாத படிப்பு மாதிரி ஆகுது.

'சரி, டிஸ்க் வாங்கினா தப்பிச்சோமா?' அதுவும் முழுசா இல்லை. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' கார் பந்தய கேம் 2014-ல் வந்தது. 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினாங்க. இணையம் இல்லாம ஓடாத கேம் என்பதால், டிஸ்க் வைத்திருந்தவங்களுக்கும் அது வெறும் தட்டுதான். இதில் கொதிச்சுத்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தை ஆரம்பிச்சார். 2025 ஜூலையில் ஐரோப்பாவில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அதே வருஷம் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கான சில கேம்களில், அட்டைக்குள்ள கேமே கிடையாது. அட்டை சாவி மட்டும்தான், கேமை நீங்கதான் டவுன்லோட் பண்ணணும். இட்லி பார்சல் வாங்கி வந்து பிரிச்சா உள்ளே டோக்கன் இருக்கிற மாதிரி! ஆனா ஒண்ணு, அந்தச் சாவி அட்டையை நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். கணக்கில் இருக்கிற கேமை விட அந்த அளவுக்கு மேல்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கு. திரும்பப் பறிக்கக்கூடிய டிஜிட்டல் பொருளை, 'இது உரிமம் மட்டுமே'ன்னு தெளிவாச் சொல்லாம 'வாங்கு'ன்னு விற்கக் கூடாது. நம்ம நாட்டில் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளின் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. நல்ல வேலை. அனுமதியை 'வாங்கு'ன்னு சொல்லி விற்கிறதுக்கு அந்தப் பட்டியலில் தனியா இடம் இல்லை. பதினாலாவதா இதைச் சேர்க்கணும். கணக்கு வைத்திருந்தவர் இறந்தால் வாரிசுக்கு மாற்றித் தரணும் என்றும் சேர்க்கணும். வங்கியில் நாமினி இருக்கார், பிஎஃப்ல நாமினி இருக்கார். 50,000 ரூபாய்க்கு கேம் இருக்கிற கணக்கில் ஏன் இருக்கக் கூடாது?

அதுவரைக்கும் பெற்றோர்களே, பெட்டி வாங்கும்போது டிஸ்க் டிரைவ் இருக்கான்னு கேளுங்க. பிள்ளையின் கணக்கு எந்த மெயிலில், எந்த நம்பரில் இருக்குன்னு வீட்டு டைரியில் எழுதி வைங்க. கம்ப்யூட்டரில் விளையாடுறவங்க ஜிஓஜி கடையைப் பாருங்க, அங்கே வாங்கின கேமின் இன்ஸ்டாலரையே இறக்கி ஹார்டு டிஸ்க்கில் பத்திரப்படுத்தலாம். ஓபியில் அம்மாக்கள் கேட்கிற கேள்விக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். பரீட்சை நேரத்தில் டிஸ்க்கை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டலாம். கிளவுடைப் பூட்ட பீரோ இல்லை.

அத்தை பையன் மகன் பற்றி ஒரு வரி. அப்பாவோட கிரிக்கெட் டிஸ்க்கை பட்டாபிராமில் இருக்கிற கிளாஸ்மேட்டுக்குக் கொடுத்திருக்கான். மூணு மாசமாச்சு, திரும்பி வரலை. 'அது அவர் ஞாபகமா இருக்கிறது, நீங்களாவது கேட்டு வாங்கிக் கொடுங்க'ன்னு அவங்க அம்மா போன் பண்ணினாங்க. ஞாயித்துக்கிழமை ஓபி முடிச்சிட்டுப் போறேன்.