கல்லூரி ஆசிரியருக்குக் கற்பிக்கக் கற்றுத்தருவது யார்?

மாண்புமிகு தமிழ்நாடு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர ஆசிரியர் பட்டயப் பயிற்சி வேண்டும் என்கிறோம். தகுதித் தேர்விலும் தேறிவரச் சொல்கிறோம். பத்தாம் வகுப்புக்கு பி.எட். கட்டாயம். அதே பிள்ளை கல்லூரிக்கு வந்தபின் எதிரில் நிற்கும் உதவிப் பேராசிரியரிடம் மட்டும், கற்பிக்கத் தெரியுமா என்று நாம் கேட்பதே இல்லை. முனைவர் பட்டம் ஆராய்ச்சிக்குச் சான்று. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் 150 கேள்விகளில் கற்பித்தல் திறனுக்கு ஒதுக்கியவை 5. அவையும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் கேள்விகள். இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள் தொடங்கப்பட்டன. அவை பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். பெயர்ப்பலகை மாறிய அளவுக்கு முறை மாறவில்லை. ஆசிரியர் தம் வகுப்பை விட்டு விலகிப் போய், அல்லது மடிக்கணினி முன் அமர்ந்து, மற்றவர் உரையைக் கேட்டுச் சான்றிதழோடு திரும்புகிறார். பயிற்சி நாள்களைக் கூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பயிற்சியை அவர் பாடம் நடத்தும் வகுப்புக்கே கொண்டுவாருங்கள், பதவி உயர்வுக் கோப்பிலிருந்து அதைப் பிரித்துவிடுங்கள் என்றே கேட்கிறேன்.

பதவி உயர்வோடு முடிச்சுப் போட்டதன் விளைவு எந்தத் துறையின் ஆசிரியர் அறையிலும் காதில் விழும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியர் அடுத்த ஊதிய நிலைக்குப் போக 21 நாள் ஓரியண்டேஷன் பயிற்சி வேண்டும். ஆகவே ஓரியண்டேஷன் முடிந்ததா, ரெஃப்ரெஷர் பயிற்சி எத்தனை பாக்கி என்பதுதான் பேச்சு. அங்கே கற்றதில் எது வகுப்புக்கு வந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அமெரிக்காவில் டயான் எபர்ட்-மே குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. பயிலரங்குகளில் கலந்துகொண்ட உயிரியல் ஆசிரியர்களின் வகுப்புகளை அவர்கள் பின்னர் வீடியோவில் பதிந்து பார்த்தார்கள். கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டதாகச் சொன்னவர்கள் 89 விழுக்காடு. பதிவில் பார்த்தால் 75 விழுக்காட்டினர் பழையபடி விரிவுரையே ஆற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தம் வகுப்பைத் தாமே வெளியிலிருந்து பார்க்க முடியாது, அதுதான் சிக்கல். இதற்காகப் பயிற்சியே வீண் என்று முடிவுகட்டவும் முடியாது. 8 நாடுகளில் 22 பல்கலைக்கழகங்களை ஆராய்ந்து கிரஹாம் கிப்ஸும் மார்ட்டின் காஃபியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மாதக்கணக்கில் தொடர்ந்து பயிற்சி பெற்றவர்கள் மாணவர் கற்பதை மையமாக வைத்து நடத்தத் தொடங்கியிருந்தார்கள். பயிற்சியே இல்லாதவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள், அல்லது பின்னுக்குப் போனார்கள்.

பாடத்தில் ஆழம் இருந்தால் போதாதா, கற்பித்தல் தானாக வராதா என்று மூத்த பேராசிரியர்கள் கேட்பார்கள். ஆழம் இல்லாமல் எதுவும் வராது என்பது சரி. ஆனால் ஒரே பாடத்தை வேறு முறையில் நடத்தினால் விளைவு மாறுகிறது. ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014-இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோற்றவர்கள் 33.8 விழுக்காடு, மாணவர்களைச் சிந்திக்கவும் பேசவும் வைத்த வகுப்புகளில் 21.8. வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் நம் நிலைமையில் இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்வது கடினம். உயர்கல்விச் சேர்க்கையில் 2021-22 கணக்கின்படி தமிழ்நாடு 47 விழுக்காடு, இந்திய அளவு 28.4. நாம் பெருமைப்படும் அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் ஏராளம். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலை எதிர்கொள்பவர்கள் ஏராளம். புரியாததை வீட்டில் கேட்க அவர்களுக்கு ஆளில்லை. வகுப்பில் அந்த ஒரு மணி நேரம் வீணானால், வீணானதுதான்.

அறுபது பேர் வகுப்பு, முடித்தாக வேண்டிய சிலபஸ், இதில் கலந்துரையாடலுக்கு நேரம் ஏது என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991 முதல் பயன்படுத்திய முறை பெரிய இயற்பியல் வகுப்புக்காகவே உருவானது. கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைத் தேர்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரோடு வாதிடுகிறார்கள், மீண்டும் தேர்கிறார்கள். இதற்குக் கருவி தேவையில்லை, விரலை உயர்த்தினால் போதும். நம் ஊரில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: ஒரு மாணவி பக்கத்தில் இருப்பவளிடம் தமிழில் வாதிடலாம். ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்கி மூன்றாண்டும் மௌனமாக இருப்பவளுக்கு இது சிறிய விஷயமல்ல. கடினமான பகுதி நல்ல கேள்வியை எழுதுவது. அதைப் பொதுவான கல்வியியல் உரையில் கற்க முடியாது; அதே பாடம் நடத்தும் நான்கு பேர் உட்கார்ந்து பேசித்தான் கற்க வேண்டும். (வரையறையைத் துப்பச் சொல்லும் பல்கலைக்கழக வினாத்தாள் இருக்கும்வரை இதெல்லாம் பாதிதான் பலிக்கும். அது தனி மடலுக்கான பொருள்.)

ஆகவே துறைதோறும் சிறு குழு, ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்ந்து பார்ப்பது, அதைப் பற்றிப் பேசுவது, இது குறைந்தது ஓராண்டு தொடர்வது. உதவிப் பேராசிரியரின் வாரக் கற்பித்தல் பணி 16 மணி. அதில் ஒரு மணியை இதற்கென்று எண்ணிக்கொள்ள ஆணையிடுங்கள். இது இன்ஸ்பெக்‌ஷனாக மாறிவிடும் என்ற அச்சம் வெறும் சாக்கு அல்ல. துறைக்குள் பகை இருக்கும் இடங்களில் நிச்சயம் மாறும். குறிப்புகள் இருவருக்குள் மட்டும் இருக்க வேண்டும், கல்லூரி முதல்வருக்கோ தரமதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவுக்கோ போகக் கூடாது என்பதும் அதே ஆணையில் இருக்கட்டும். கௌரவ விரிவுரையாளர்களிலிருந்து தொடங்குங்கள். அரசுக் கல்லூரி வகுப்புகளில் பெரும்பங்கைத் தாங்குபவர்கள் அவர்கள். பதவி உயர்வு இல்லாததால் அதோடு கட்டப்பட்ட பயிற்சி அவர்களைத் தேடி வருவதில்லை. நிரந்தரமில்லாதவர்களுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று நிதித் துறை கேட்கலாம். அவர்களில் பலர் பல ஆண்டுகளாக அதே கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள், அவர்கள் முன் உட்காரும் மாணவரின் மூன்றாண்டு தற்காலிகமல்ல. ஆனால் அந்த ஒரு மணிக்கும் அவர்களுக்கு ஊதியம் உண்டு என்பதை உறுதிசெய்யாமல் இதைத் தொடங்க வேண்டாம். வரும் கல்வியாண்டில் பத்துக் கல்லூரிகளில், இயற்பியல், வணிகவியல் என்று இரண்டு துறைகளில் நடத்திப் பாருங்கள். ஆண்டு முடிவில் அந்தத் துறைகளின் அரியர் எண்ணிக்கையை, திட்டத்தில் சேராத கல்லூரிகளின் எண்ணிக்கையோடு சேர்த்து, குறைந்தாலும் குறையாவிட்டாலும் வெளியிடுங்கள்.